திரும்பி வந்தவர் என்று ஒரு பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மேல்மாடியிலிருந்து அது இறங்கி வந்து என் கதவைத் தட்டியது.

நோர்பரியில் நான் இருக்கும் வீடு ஒரே குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. பிறகு யாரோ அதை இரண்டாக வெட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கீழ்ப்பாதியில் நான். மேற்பாதியில் கோசிகாவும் அவளுடைய நைஜீரியக் கணவன் கயோடேயும். நடுவில் இருக்கும் தரைப்பலகைக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேலே கோசிகாவின் அம்மாவின் குரல் கேட்டது. உரத்துப் பேசுகிற பெண் அல்ல அவர். அன்றும் உரத்துப் பேசவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நீ அவைக்கு அப்பாவைப் பற்றி என்னெண்டு சொன்னனி?"

'அவை' என்றது கயோடேயின் வீட்டாரை.

"என்னெண்டு சொன்னனி, பிள்ளை?"

பிறகு படியில் காலடிச் சத்தம். வாசற்கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. கோசிகா நின்றாள். தோளில் பிறந்து மூன்று கிழமையான ஆண்பிள்ளை. அழுத முகம், ஆனால் குரலில் அழுகை இல்லை.

"அண்ணை, நீங்கள் கதை எழுதிறனீங்கள்தானே. எனக்கு ஒரு பேர் வேணும்."

2

எழுத உட்கார்ந்தபோது மூன்று தொடக்கங்கள் வந்தன. மூன்றையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

லண்டனில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு (வேண்டாம். வெளிநாட்டில் நடக்கும் தமிழ்க்கதை மழையில்லாமல் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? அன்று நல்ல வெயில்.)

யொருபா என்பது நைஜீரியாவின் தென்மேற்கில் பேசப்படும் மொழி. அதில் 'பாபா' என்றால் அப்பா. 'துன்' என்றால் மறுபடி. 'டே' என்றால் வந்து சேர்வது. மூன்றும் சேர்ந்தால் பாபாதுண்டே: அப்பா திரும்பி வந்தார். (இது அகராதி. கதை ஆகாது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. ஆகவே இருக்கட்டும்.)

கோசிகாவின் தகப்பன் இராசரத்தினம் இறந்து பதினைந்து

(இந்த வசனத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை. யாருக்கு உரிமை என்பதுதான் மேல்மாடியில் நடந்த சண்டை.)

3

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் போர் முடிந்த அந்த மே மாதத்தில் கோசிகாவுக்குப் பதினான்கு வயது. இயக்கத்தின் நிர்வாக வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் முன்னுக்கு வந்து பெயர் பதியவேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. இராசரத்தினம் முன்னுக்குப் போனார். வரிசையில் பஸ்கள் நின்றன. ஏறமுன் மனைவியிடம், "பிள்ளைக்குத் தண்ணி வாங்கிக் குடும், நான் வந்திடுவன்" என்றார். தன் காலால் நடந்து ஏறினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் எவரும் இல்லை.

மனைவி ஜெகதீஸ்வரி தேடாத இடமில்லை. பிறகு ஜெகதீஸ்வரியின் தம்பி சந்திரகுமார், டென்மார்க்கில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் கடை போட்டவர், தாயையும் மகளையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். ஜெகதீஸ்வரி இன்றைக்கும் அந்தக் கடையின் கல்லாவில்தான் நிற்கிறார். நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலி. இறந்ததாகப் பதிந்து சான்றிதழ் எடுக்கலாம் என்று ஊரிலிருந்து சொந்தக்காரர் சொன்னபோது, அவர்களோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

ஒரே பஸ்ஸைத்தான் இருவரும் பார்த்தார்கள். தாய் அவர் ஏறியதைப் பார்த்தார். மகள் பஸ் போனதைப் பார்த்தாள்.

கோசிகா இங்கே படித்து, ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கே ஆண்தாதியாக இருந்த கயோடேயைச் சந்தித்தாள். பழகிய புதிதில் அவன் அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டான். அவள் ஒரு சொல்லில் பதில் சொன்னாள்: செத்துவிட்டார்.

ஏன் என்று நான் பின்னொரு நாள் கேட்டேன்.

"காணாமல் போனவர் எண்டா அடுத்த கேள்வி வரும் அண்ணை. அதுக்குப் பிறகு இன்னொண்டு. செத்தவர் எண்டா சனம் ஐ ஆம் சொறி எண்டு சொல்லிப்போட்டு விட்டிடும்."

"அவரும் அப்பிடி விட்டிட்டாரோ?"

"இல்லை. அவர் போய்த் தாய் தகப்பனிட்டைச் சொல்லிப்போட்டார். அவை எனக்காக அழுதவை."

கலியாணத்தில் ஜெகதீஸ்வரி குங்குமத்தோடும் பூவோடும் நின்றார். கயோடேயின் தாய் தகப்பனுக்கு அந்தக் குங்குமம் அழகாகத் தெரிந்தது. அதற்கு அர்த்தம் உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

4

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் காலையில் யொருபாக்காரர் பெயர் வைப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள்வரைக்கும் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு. "துடக்குக் கழிய முன்னம் என்ன பேர்?" என்று ஜெகதீஸ்வரி கேட்டதாகவும், சந்திரகுமார் பேசிச் சமாளித்ததாகவும் அறிந்தேன். கீழ்வீட்டுக்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மேலே சின்ன முன்னறை. மேசையில் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர், உப்பு, தேன், கோலாக்கொட்டை. கயோடேயின் தகப்பன் அகின்வாலே ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். நீல அங்கியும் தொப்பியுமாகப் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். உப்பைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தார், பிறகு தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து. பெரியவர்கள் ஆளுக்கொரு பெயர் கொடுக்கலாம். எல்லாம் பிள்ளையின் பெயர்தான். அவருடைய மனைவி ரொன்கே 'அயோமிடே' என்றார். என் மகிழ்ச்சி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அகின்வாலே எழுந்து நின்றார். ஆங்கிலத்தில் பேசினார்.

"என் மருமகளின் தகப்பனை நான் பார்த்ததில்லை. போர் அவரைக் கொண்டுபோனது. அவருக்கு இங்கே ஒரு கல்லறைகூட இல்லை. இன்றைக்கு அவர் என் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். பாபாதுண்டே."

எல்லாரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். ஜெகதீஸ்வரி மகளின் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

கோசிகா தாயின் பக்கம் குனிந்தாள். "பேருக்கு அர்த்தம், அப்பா திரும்பி வந்திட்டார் எண்டு, அம்மா."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெகதீஸ்வரியின் கை வாயைப் பொத்தியது. பிறகு எழுந்து போய் அகின்வாலேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவரும் கண் கலங்கினார், இவரும் கண் கலங்கினார். ஒருவர் இறந்தவருக்காக. மற்றவர் வரப்போகிறவருக்காக. அந்த வீட்டில் தமிழும் ஆங்கிலமும் நன்றாக விளங்கியவர்கள் கோசிகாவும் சந்திரகுமாரும் நானும். சந்திரகுமார் அப்போது குசினியில் சோறு இறக்கிக்கொண்டிருந்தார்.

(ஒரு குறிப்பு. பேரன் என்றாலே இந்தப் பெயர் வந்துவிடாது. தாத்தா இறந்தபிறகு பிறக்கும் ஆண்பிள்ளைக்குத்தான் வைப்பார்கள். தாத்தா இருக்கும்போது வைக்க யாருக்கும் மனம் வராது. கோசிகாவுக்கு இது தெரியும். அவள் சொல்லாமல் விட்டது இதைத்தான்.)

5

அடுத்த இரண்டு கிழமையும் ஜெகதீஸ்வரி சந்தோஷமாக இருந்தார். கடைக்கு வந்த தெரிந்த ஆட்களுக்கெல்லாம் சொன்னார். "அவைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி அப்பிடி ஒரு பேரை வைப்பினமே?" சந்திரகுமாருக்குத்தான் கவலை. "டே எண்டு முடியிற பேர் அக்கா. பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையள் துண்டு எண்டு கூப்பிடப் போகுதுகள்." அக்கா சிரித்தாராம். பல வருஷங்களுக்குப் பிறகு கடைக்குள் அந்தச் சிரிப்பைக் கேட்டதாக அவர் சொன்னார்.

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் கடைகளில் முருங்கைக்காய்க்குப் பக்கத்திலேயே ஆபிரிக்க வள்ளிக்கிழங்கும் பெரிய வாழைக்காயும் கிடக்கும். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் நைஜீரியாவோ கானாவோ. அந்தச் சனிக்கிழமை வாழைக்காய் வாங்க வந்த பெண் ஒருவரிடம் ஜெகதீஸ்வரி கைபேசியை நீட்டிப் பிள்ளையின் படத்தைக் காட்டினார். தெரிந்த ஆங்கிலத்தில், "என் பேரன். பாபாதுண்டே" என்றார்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. வாழைக்காயைக் கீழே வைத்துவிட்டு, ஜெகதீஸ்வரியின் கையின்மேல் தன் கையை வைத்தார்.

"சொறி ஃபோர் யுவர் லொஸ்" என்றார்.

லண்டனில் கல்லாவில் நிற்கிறவர்களுக்கு அந்த வசனம் விளங்கும். யாராவது செத்தால்தான் அதைச் சொல்வார்கள்.

"இல்லை. ஒருவரும் சாகவில்லை."

அந்தப் பெண் குழம்பிப்போய்ப் பொறுமையாக விளக்கினார். எங்கள் வழக்கத்தில் தாத்தா இறந்தபிறகுதான் இந்தப் பெயர். உங்கள் கணவரோ, மாப்பிள்ளையின் தகப்பனோ...

மாப்பிள்ளையின் தகப்பன் உயிரோடு இருக்கிறார்.

ஜெகதீஸ்வரி கல்லாவைப் பூட்டினார். பஸ் எடுத்து நோர்பரிக்கு வந்தார். பிறகு நடந்ததைத்தான் நான் பலகை வழியாகக் கேட்டேன்.

6

கோசிகாவுக்கு அன்று நான் கொடுக்க முயன்ற பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

"அப்பா திரும்பி வந்தார் எண்டுதான் இருக்கவேணும் அண்ணை. ஆனா செத்துப்போய் வந்தார் எண்டு இருக்கக்கூடாது. தமிழில அப்பிடி ஏதும் இருக்கோ?"

யோசித்தேன். எங்கள் மொழியில் 'பேரன்' என்பதே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள். ஆபிரிக்காவின் மேற்குக்கரையிலும் நம்முடைய கரையிலும் ஆட்கள் ஒரே பயத்துக்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (இந்த வசனத்தைக் கட்டுரைக்கு எடுத்து வைத்திருக்கலாம். ஒரு பெண் வாசலில் அழாமல் நிற்கும்போது எனக்கு இதுதான் தோன்றியது.)

"அப்பான்ர பேரையே வையும்" என்றேன். "இராசரத்தினம். அதில சாவும் இல்லை, வரவும் இல்லை."

கோசிகா அதைத் தாய்க்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். ஜெகதீஸ்வரி சொன்ன பதில் இது:

"அவற்ற பேரை எடுத்துக் குடுத்திட்டா, வாற மனுசன் என்ன பேரோட வாறது?"

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாப்பாட்டை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை. மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக்கறி சமைத்துச் சந்திரகுமாரிடம் கொடுத்துவிடுவார். அவர் படியில் ஏறி வைத்துவிட்டு, யார் பக்கமும் பேசாமல் இறங்குவார். மகள் அந்தக் கறியைச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது அழுதாள் என்று கயோடே என்னிடம் சொன்னான்.

இந்த நாட்டில் பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்குள் பதியவேண்டும். நாள் நெருங்கியது. கயோடேக்கு இரண்டு பக்கமும் இடி. "அப்பா கொடுத்த பெயரை நான் எப்படிப் பிடுங்குவது?" என்று வாசலில் நின்று கேட்டான். "தேனும் உப்பும் வைத்துக் கொடுத்த பெயர். பிடுங்கினால் பிள்ளைக்கு என்ன ஆகும்?" படித்தவன், ஆஸ்பத்திரியில் தினமும் சாவைப் பார்க்கிறவன். அவன் குரலில் இருந்தது உண்மையான பயம்.

7

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தில் சந்தேகம் வருகிறது: அகின்வாலே.

விஷயம் தெரிந்ததும் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பிரதியில் அப்படியே எழுதினேன். "என் வாயால் பொய் சொல்ல வைத்துவிட்டாய்" என்று மருமகளைத் திட்டுகிறார், மேசையில் அடிக்கிறார், ரொன்கே அவரைப் பிடித்து இழுக்கிறார்.

(நன்றாகத்தான் வந்தது. ஆனால் நடக்கவில்லை.)

உண்மையில் கோசிகா சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு, "அந்த அம்மா என் கையைப் பிடித்தாரே. என்ன நினைத்துப் பிடித்தார்?" என்று மட்டும் கேட்டாராம். கோசிகா சொன்னாள். அவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "நான் போய் அவரைப் பார்க்கவேண்டும்" என்றார்.

இவ்வளவு நல்லவர் கதைக்குள் வந்தால் வாசகர் நம்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எழுத எவ்வளவு லேசாக இருந்திருக்கும். இங்கே ஒருவரும் இல்லை. 

ஜெகதீஸ்வரி சந்திக்கச் சம்மதித்தார். மகளுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீ மொழிபெயர்க்க வேண்டாம். கீழ்வீட்டுத் தம்பி வரட்டும்."

8

கடைக்கு மேலே இருக்கும் சந்திரகுமாரின் வீடு. ஞாயிறு பின்னேரம். ஒரு பக்கம் அகின்வாலேயும் ரொன்கேயும், கதவடியில் கயோடே, பிள்ளையை வைத்துக்கொண்டு கோசிகா. ஜெகதீஸ்வரி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்டையும் விடாமச் சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அகின்வாலே தொடங்கினார். "உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னார்கள்."

அந்த ஒரு வசனத்துக்கே எனக்கு நாக்குப் புரளவில்லை. காலமானார், மறைந்தார், இல்லாமல் போனார். மிருதுவான சொல் எத்தனையோ எங்களிடம் இருக்கிறது. ஆனால் ஜெகதீஸ்வரி ஒன்றையும் விடாமல் சொல்லச் சொல்லியிருந்தார்.

"செத்திட்டார் எண்டு தனக்குச் சொன்னவையாம்" என்றேன். குழப்பத்தில் 'உங்கட மனுசன்' என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். அவர் என்னைத் திருத்தவில்லை.

"நான் உங்களிடம் கேட்டிருக்கவேண்டும்" என்றார் அகின்வாலே. "மனைவியிடம் கேட்காமல் ஒருவரை இறந்தவராக்கியது என் பிழை. என்னை மன்னியுங்கள்."

ஜெகதீஸ்வரி தலையை அசைத்தார். பிறகு கேட்டார்.

"ஆள் உயிரோட இருக்கேக்க இந்தப் பேரை வைச்சா, உங்கட வழக்கத்தில என்ன நடக்கும்?"

அகின்வாலே மனைவியைப் பார்த்தார். ரொன்கே தெரியாது என்று கையை விரித்தார்.

"தெரியாது. யாரும் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை" என்றார் அவர். "ஆனால் அவர் வந்தால், நேரே என் வாசலுக்கு வரட்டும். உயிரோடு இருக்கும் மனிதனுக்கு இப்படிச் செய்தாயே என்று என்னைத் திட்டட்டும். அந்தத் திட்டை வாங்கத்தான் நானும் ஆசைப்படுகிறேன்."

சொன்னேன். ஜெகதீஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு மகளிடம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"இப்ப நீ சொல்லு. இவை எல்லாருக்கும் முன்னால. அப்பா செத்திட்டாரோ?"

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். கயோடே வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவனுக்கு விளங்கியிருந்தது.

கோசிகா பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். அவள் ஒரு பக்கத்துக்குச் செத்தவர் என்றும், மற்றப் பக்கத்துக்கு வருவார் என்றும் சொல்லி வளர்ந்தவள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே அறையில்.

"தெரியாது, அம்மா" என்றாள். "எனக்குத் தெரியாது. நான் ஒருக்காலும் அறிஞ்சதில்லை. செத்திட்டார் எண்டு சொல்லேக்கையும் தெரியாது. வருவார் எண்டு உங்களுக்குச் சொல்லேக்கையும் தெரியாது."

தாய் அவளைப் பார்த்தார். "எனக்கும்தான்" என்றார்.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சந்திரகுமார் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. ஜெகதீஸ்வரி இரண்டு கைகளையும் நீட்டினார். கோசிகா கொடுத்தாள். அந்தச் சின்ன முகத்தைத் தன் முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, மிகவும் மெதுவாக, அவர் ஒரு வசனம் சொன்னார்.

"வந்திட்டீங்களோ?"

ரொன்கே என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொன்னார்?"

9

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போகிறது.

யாழ்ப்பாணத்து ஆட்கள் பச்சைப்பிள்ளையை 'வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கொஞ்சுவார்கள். மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அதே மரியாதையில்தான். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். பிள்ளைக்கும் புருசனுக்கும் வித்தியாசம் இல்லை. 'வந்துவிட்டீர்களா என்று கேட்கிறார்' என்று ரொன்கேயிடம் சொன்னேன். அவர், "யாரை?" என்றார்.

ஒரு முடிவில் அவர் பேரனைக் கொஞ்சினார், அவ்வளவே. இன்னொன்றில் பதினைந்து வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லி முடித்தார். அடுத்த நாள் கல்லாவில் குங்குமம் இல்லாமல் நின்றார். மூன்றாவது முடிவில்

(மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னுடைய குரலில்தான் இருந்தன.)

அடுத்த நாள் நான் வேண்டுமென்றே கடைக்குப் போனேன். குங்குமம் இருந்தது. அதைவைத்து நான் எதையும் தீர்மானிக்கவில்லை.

அந்தக் கிழமையே பிள்ளையைப் பதிந்துவிட்டார்கள். ஜெகதீஸ்வரியும் கூடப் போனார். வரும்போது மூவரும் கதைத்துக்கொண்டு படியேறியது கேட்டது. என்ன பெயர் என்று கோசிகா எனக்குச் சொன்னாள். பாபாதுண்டே அதில் இருக்கிறதா, தமிழ்ப் பெயரா, இரண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தக் கதையின் கடைசி வசனத்தில் அதைச் சொல்லி முடிக்கத்தான் நினைத்திருந்தேன்.

எழுதப்போகிறேன் என்று அனுமதி கேட்கப் போனபோது ஜெகதீஸ்வரி வெங்காய மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முழுக்கதையையும் கேட்டார். எங்கேயும் தடுக்கவில்லை. கடைசியில் மட்டும் நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் எழுதும் தம்பி. பதிஞ்ச பேரை எழுதாதையும். அவர் கதை புத்தகமெல்லாம் வாசிக்கிற மனுசன். எங்கையாவது இருந்து இதை வாசிச்சாலும் வாசிப்பார். பேரனுக்கு என்ன பேர் எண்டு அவர் என்னட்டை வந்துதான் கேக்கவேணும்."

ஆகவே, அவருக்குத் தெரிகிறவரைக்கும் உங்களுக்கும் தெரியவேண்டாம்.